பட்டாளத்தில் இரண்டு முறை கையெழுத்து

நீங்கள் கேட்டது நாலைந்து கேள்வி மாதிரி தெரிந்தாலும் உண்மையில் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நீங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரப் பெரியவர் தன் அம்மாவின் பழைய பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறார். உள்ளே 1917ஆம் வருடத்து நிலப் பட்டா ஒன்று, ஜனாதிபதி உட்ரோ வில்சன் பெயர் போட்டது, 320 ஏக்கர், தாத்தாவின் பெயரில். ராணுவ உடையில் அம்மாவின் போட்டோ. தலைக்கவசம் அணிந்த ஒரு பெண்ணின் முகம் பொறித்த பித்தளைச் சின்னம். அப்புறம் இரண்டு டிஸ்சார்ஜ் காகிதங்கள், அதாவது படையிலிருந்து விடுவித்த சான்றுகள், ஒன்றில் தேதி ஆகஸ்ட் 1943, மற்றதில் நவம்பர் 1945. அரசு நிலத்தில் குடியேறிப் பட்டா வாங்கிய ஹோம்ஸ்டெடர் என்றால் ஜமீன்தாரா, அவ்வளவு நிலம் இருந்தும் மகள் ஏன் பட்டாளத்துக்குப் போனார், துப்பாக்கி பிடித்தாரா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி வரியில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறீர்கள். 1943இல் அம்மாவை ஏதோ தப்புக்காக வெளியே அனுப்பிவிட்டு, பிறகு மறுபடி சேர்த்துக்கொண்டார்களோ என்று பெரியவருக்கு ஒரு சந்தேகம். சின்ன வயதில் சொந்தக்காரர்கள் அரசல்புரசலாகப் பேசியது காதில் விழுந்திருக்கிறது. அம்மாவிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, இப்போது கேட்க அம்மாவும் இல்லை.

அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் படியுங்கள். அவரை யாரும் வெளியேற்றவில்லை. 1943 கோடைக்கு முன்னால் சேர்ந்து, போர் முடியும்வரை இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் இப்படி இரண்டு காலகட்டம் உண்டு. நான் இதே மாநிலத்தின் வடக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரின் அருங்காட்சியகத்தில் பத்தொன்பது வருடமாக, குடும்பங்கள் கொண்டுவந்து கொடுக்கும் பழைய காகிதங்களை வகை பிரித்து வைக்கிற வேலை பார்க்கிறேன். நிலப் பட்டாவும் டிஸ்சார்ஜ் காகிதமும்தான் அதிகம் வரும். இந்த இரண்டு தேதிக் குழப்பத்தோடு வந்த குடும்பங்கள் இதற்கு முன்பும் உண்டு. இந்த விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை.

நடந்தது இதுதான். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தோடு ஐரோப்பாவுக்குப் போய் டெலிபோன் இணைப்புக் கொடுத்த பெண்கள், போர் முடிந்ததும் வெறுங்கையோடு அனுப்பப்பட்டார்கள். சீருடை போட்டிருந்தார்கள், ஆனால் சட்டப்படி அவர்கள் சிப்பாய்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஓய்வூதியமும் இல்லை, மருத்துவமும் இல்லை. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் ஈடித் நர்ஸ் ராஜர்ஸ். அடுத்த போர் வருகிறது என்று தெரிந்ததும், இந்தத் தடவை அப்படி நடக்கக் கூடாது என்று 1941 மே மாதமே மசோதா கொண்டுவந்தார். ஒரு வருடம் இழுத்தடித்து, 1942 மே 15 அன்று சட்டம் ஆனது. ஆனால் அவர் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ராணுவத்துக்கு உள்ளே பெண்களைச் சேர்க்க எதிர்ப்பு பலமாக இருந்ததால், ராணுவத்தோடு சேர்ந்து வேலை செய்யும் துணைப்படை என்று ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் விமன்ஸ் ஆர்மி ஆக்ஸிலரி கோர், சுருக்கமாக டபிள்யூ.ஏ.ஏ.சி. டெக்சாஸ்காரர் ஒவேட்டா கல்ப் ஹாபி அதற்குத் தலைவர் ஆனார், அப்போது அவருக்கு வயது 37.

துணைப்படை என்பது வெறும் பெயர் விவகாரம் இல்லை. சிப்பாய்க்குக் கிடைக்கும் அரசு ஆயுள் காப்பீடு இவர்களுக்குக் கிடையாது. வேலையில் அடிபட்டால் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் இடம் கிடையாது. கடல் கடந்து போய் எதிரியிடம் பிடிபட்டால், போர்க் கைதி என்ற பாதுகாப்பு இவர்களுக்குப் பொருந்துமா என்பதே கேள்விக்குறி. பதவிப் பெயர்கள்கூட வேறு. சிப்பாய்க்குச் சமமானவரை ஆக்ஸிலரி என்றுதான் அழைத்தார்கள். இதெல்லாம் சரிப்படாது என்று ஒரே வருடத்தில் தெரிந்துபோய், 1943 ஜூலை 1 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பெயரிலிருந்து ஆக்ஸிலரி போனது, டபிள்யூ.ஏ.சி. ஆனது, பெண்கள் ராணுவத்துக்கு உள்ளேயே வந்தார்கள். ஆனால் பழைய படை ராணுவம் இல்லை என்பதால், அதில் இருந்தவர்களை அப்படியே பெயர் மாற்றி எழுதிவிட முடியாது. பழையதிலிருந்து விடுவித்து, விருப்பப்பட்டவர்களைப் புதிதாகப் பதவிப் பிரமாணம் செய்யவைத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. செப்டம்பர் கடைசிக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு. உங்கள் பெட்டியில் இருக்கும் ஆகஸ்ட் 1943 காகிதம் அந்த விடுவிப்புதான். முதல் காகிதத்தில் ஆக்ஸிலரி ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றும், இரண்டாவதில் டெக்னீஷியன் ஐந்தாம் நிலை என்றும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுவே போதும். அது பதவி இறக்கமும் இல்லை, தண்டனையும் இல்லை. ஒன்று துணைப்படையின் பதவிப் பெயர், மற்றது ராணுவத்தின் பதவிப் பெயர்.

இன்னொரு சான்றும் உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்தக் காலத்து ராணுவத்தில் கௌரவமான விடுவிப்பு வெள்ளைத் தாளில் வரும், கெட்ட பெயரோடு அனுப்பினால் மஞ்சள் தாள், இரண்டும் கெட்டானாக ஒரு நீலத் தாள். அந்த நீலத் தாளை வைத்து ஓரினச் சேர்க்கையாளர்களையும் கறுப்பினத்தவர்களையும் எவ்வளவு அநியாயமாகத் துரத்தினார்கள் என்பது தனிக் கதை. உங்கள் இரண்டு காகிதத்திலும் ஆனரபிள் என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது என்கிறீர்கள். தப்பு செய்து அனுப்பப்பட்டவருக்கு அந்தச் சொல்லை அச்சடித்துக் கொடுக்கமாட்டார்கள்.

சரி, அப்படியானால் சொந்தக்காரர்கள் என்ன பேசினார்கள்? அந்தக் குடும்பத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது எந்தக் காகிதத்திலும் இருக்காது, நானும் யூகமாகத்தான் சொல்ல முடியும். ஆனால் 1943இல் நாடு முழுக்க என்ன பேசினார்கள் என்பதற்கு யூகம் தேவையில்லை. அந்த வருடம் பட்டாளத்தில் சேர்ந்த பெண்களைப் பற்றி மிக அசிங்கமான வதந்தி பரவியது. சிப்பாய்களுக்குத் துணையாக இருக்கத்தான் இவர்களைச் சேர்க்கிறார்கள், கூட்டம் கூட்டமாகக் கர்ப்பமாகித் திரும்பி வருகிறார்கள், இப்படி. ஜூன் மாதம் நியூயார்க்கின் ஒரு பெரிய தினசரியில் ஒரு பத்தி எழுத்தாளர், இவர்களுக்குக் கருத்தடைச் சாதனம் கொடுக்க ரகசிய ஏற்பாடு இருப்பதாக எழுதினார். ராணுவ அமைச்சர் ஸ்டிம்சனே மறுத்தார், எழுதியவரும் பின்வாங்கினார், ஆனால் நெருப்பு பரவியது பரவியதுதான். எதிரி நாட்டு உளவாளிகள் வேலையாக இருக்கும் என்று நினைத்து ராணுவ உளவுப் பிரிவு விசாரித்தது. தெரிந்தது என்ன? பெரும்பாலும் சொந்த நாட்டுச் சிப்பாய்களும் ஊர்க்காரர்களும்தான் பரப்பியிருந்தார்கள். கேலி, பொறாமை, பெண் சீருடை போடுவது பிடிக்காத மனம். அலுவலக வேலையில் பாதுகாப்பாக உட்கார்ந்திருந்த ஆணை இந்தப் பெண் வந்து சண்டைக்களத்துக்கு அனுப்பிவிடுவாள் என்ற பயமும் இருந்தது. ஆட்சேர்ப்பு சுவரொட்டிகளின் வாசகமே, நீ வந்தால் ஒரு ஆண் சண்டைக்குப் போகலாம் என்பதுதானே. நம்ம ஊரில் முதல் தலைமுறையாக நர்ஸ் வேலைக்கும் நாடகத்துக்கும் போன பெண்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை.

இப்போது தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். வதந்தி உச்சத்தில் இருந்தது ஜூன், ஜூலை. அதே கோடையில்தான் அந்தப் பெண்களிடம், இருக்கிறாயா போகிறாயா என்று தனித்தனியாகக் கேட்டார்கள். அப்போது படையில் சுமார் 60,000 பேர். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு தொடரவில்லை. அப்பா எழுதிய கடிதம், அண்ணன் எழுதிய கடிதம், வருங்கால மாப்பிள்ளை எழுதிய கடிதம் என்று வந்தபடி இருந்தன. போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர்களுக்கும் கௌரவமான விடுவிப்புதான். ஆனால் போனவர்களிடம் ஒரு காகிதம்தான் இருக்கும். உங்கள் பெரியவரின் அம்மாவிடம் இரண்டு இருக்கிறது. அதாவது, ஊர் என்ன பேசுகிறது என்று தெரிந்த பிறகு, வீட்டுக்குப் போக வழி திறந்திருந்தபோது, அவர் இரண்டாம் முறை கை தூக்கிப் பிரமாணம் எடுத்திருக்கிறார், அதுவும் போர் முடிந்து ஆறு மாதம் வரைக்கும் என்று. எந்தக் காகிதத்தைப் பார்த்து மகன் இத்தனை வருடம் பயந்தாரோ அதுதான் அந்தப் பெட்டியிலேயே பெருமையான காகிதம். பெரியவரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

அடுத்தது நிலம். ஜமீன்தாருக்கும் ஹோம்ஸ்டெடருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம், 21 வயது ஆன யாரும், குடும்பத் தலைவராக இருந்தால் அதற்குக் குறைந்த வயதிலும், அரசு நிலத்தில் 160 ஏக்கரை அடையாளம் காட்டி, சிறிய பதிவுக் கட்டணம் கட்டி, ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து உழுது காட்டினால் நிலம் சொந்தம் என்றது. கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் எடுக்கலாம். மேற்கே போகப்போக 160 ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்று தெரிந்து 1909இல் வறண்ட பகுதிகளுக்கு 320 ஏக்கர் ஆக்கினார்கள், 1912இல் ஐந்து வருடத்தை மூன்றாகக் குறைத்தார்கள். உங்கள் பட்டா அந்த வகை. அதில் இருப்பது வில்சனின் சொந்தக் கையெழுத்து என்று பெரியவர் நம்பினால் மெதுவாகச் சொல்லுங்கள், பட்டாக்களில் ஜனாதிபதியின் பெயரை அதற்கென்று நியமித்த செயலாளர்தான் எழுதுவார்.

320 ஏக்கர் என்றதும் நமக்குக் காவிரிக்கரை நஞ்சை கண்ணுக்கு வரும். மொன்டானாவின் வடக்குச் சமவெளி சுத்தமாக வானம் பார்த்த பூமி. வருடம் முழுக்கச் சேர்த்தால் 250 முதல் 350 மில்லிமீட்டர் மழை, அதாவது நம்ம ராமநாதபுரத்தில் பெய்வதில் பாதிகூட இல்லை. கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர் வரலாம், வராமலும் போகலாம். மரம் இல்லாததால் பலகைக் குடிசையைத் தார்க்காகிதம் சுற்றி நிறுத்தினார்கள், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. ஆட்கள் வந்து குடியேறினால்தான் தன் ரயிலுக்குச் சரக்கு கிடைக்கும் என்பதால் கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் ஜேம்ஸ் ஹில் இந்த மண்ணில் மழையை நம்பியே கோதுமை விளைவிக்கலாம் என்று ஊர் ஊராக விளம்பரம் செய்தார். முதல் சில வருடம் மழையும் நன்றாகவே பெய்தது, அதுதான் கொடுமை. 1917இல் வறட்சி ஆரம்பித்தது. உங்கள் பட்டாவின் வருடம் எது என்று மறுபடி பாருங்கள். பட்டா கைக்கு வந்தவுடன் அதை அடமானம் வைத்து டிராக்டரும் விதையும் வாங்கியவர்கள் ஏராளம், ஏனென்றால் முதல் போரின்போது கோதுமை ஒரு புஷெல், அதாவது சுமார் 27 கிலோ, இரண்டு டாலருக்கு மேல் போனது. 1921இல் அது பாதிக்கும் கீழே விழுந்தது. 1920க்கும் 1926க்கும் நடுவில் மொன்டானாவின் வங்கிகளில் பாதி மூடின. 1920களில் அமெரிக்காவிலேயே மக்கள்தொகை குறைந்த ஒரே மாநிலம் இதுதான். உங்கள் பெரியவரின் தாத்தா போகாமல் தங்கியிருக்கிறார், அவ்வளவுதான். அதைச் சொத்து என்று சொல்வதா கட்டிப்போட்ட கயிறு என்று சொல்வதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் வேலைக்கு நான் உண்மையாக இருக்கமாட்டேன். அந்த நிலம் சும்மா கிடந்த நிலம் இல்லை. பிளாக்ஃபீட், குரோ வான்ட்ர், அசினிபாய்ன் போன்ற பழங்குடி மக்களின் காட்டெருமை மேய்ந்த பூமி. காட்டெருமைகள் அழிக்கப்பட்டுப் பட்டினியில் கிடந்த நேரத்தில் அவர்களிடம் ஒப்பந்தம் போட்டு, 1888இல் மொன்டானாவின் வடபகுதியில் சுமார் ஒன்றே முக்கால் கோடி ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. அதிலிருந்துதான் இந்த 320 ஏக்கர்கள் எல்லாம் வெட்டிக் கொடுக்கப்பட்டன. பட்டாவை வைத்துக் குடும்பக் கதை எழுதுகிறவர்கள் இந்த வரியையும் எழுத வேண்டும்.

மகள் ஏன் பட்டாளத்துக்குப் போனார் என்பதற்கு வருகிறேன். அவருடைய மனதில் என்ன இருந்தது என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் முன்னால் என்னென்ன கதவுகள் திறந்திருந்தன, எவை மூடியிருந்தன என்பதைச் சொல்ல முடியும். அவர் பிறந்தது 1919 என்கிறீர்கள். முப்பதுகள் முழுக்கப் பிள்ளைப் பருவமும் இளமையும், அதாவது வறட்சி, வெட்டுக்கிளி, விலை வீழ்ச்சி மூன்றும் சேர்ந்த வருடங்கள். அந்தப் பத்தாண்டின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம். பதினான்கு வயதில் டிரக் ஓட்டியிருப்பார், பால் கறந்திருப்பார், அறுவடைக்கு வந்த ஆட்களுக்குச் சமைத்திருப்பார். இதில் எதற்கும் கூலி கிடையாது, எதிலும் அவர் பெயரும் கிடையாது. பட்டா வாங்கும்போது தாத்தா கொடுத்த சாட்சிப் பத்திரம் கிடைத்தால் பாருங்கள், வீடு எத்தனை அடி, வேலி எவ்வளவு தூரம், எத்தனை ஏக்கர் உழுதது என்றெல்லாம் கணக்கு இருக்கும், பிள்ளைகள் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரு எண் மட்டும் இருக்கும். அவர் பிறப்பதற்கு முந்தைய பத்திரம் என்பதால் அந்த எண்ணில்கூட அவர் இல்லை.

தனக்கென்று ஹோம்ஸ்டெட் எடுக்க அவருக்கு 21 வயது ஆக வேண்டும். 1940இல் ஆனது. ஆனால் 1934இல் வந்த டெய்லர் மேய்ச்சல் நிலச் சட்டத்தோடும் அதையொட்டிய உத்தரவுகளோடும் அரசு நிலத்தைப் பட்டா போட்டுக் கொடுப்பது அலாஸ்காவுக்கு வெளியே ஏறக்குறைய நின்றுவிட்டது. அவருடைய அத்தையோ சித்தியோ 1912இல் தனியாளாக நிலம் எடுத்திருக்க முடியும், இவரால் முடியாது. அவர் 1943 ஜனவரியில் சேர்ந்த துணைப்படையிலும் குறைந்தபட்ச வயது 21தான். ஒரு தலைமுறைக்கு முன் அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு மேற்கில் நிலம் கிடைத்தது, இவருக்குச் சீருடை கிடைத்தது. மாதம் ஐம்பது டாலர், சாப்பாடு, துணி, பல் வைத்தியம், எல்லாம் அவர் பெயரில். நான் கேட்ட ஒலிப்பதிவுகளில் இந்தத் தலைமுறைப் பெண்கள் பலர், நாட்டுக்காகப் போனேன் என்று முதலில் சொல்வார்கள், கொஞ்ச நேரம் பேசவிட்டால் முதல் சம்பளத்தில் என்ன வாங்கினேன் என்று சொல்வார்கள். இரண்டும் உண்மை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பெரியவரின் அம்மா விஷயத்தில் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பாருங்கள், அவருடைய அண்ணன் தம்பிகள் யாராவது வீட்டிலேயே இருந்தார்களா என்று. 1942 நவம்பரில் விவசாயத்துக்கு அவசியமான ஆண்களைப் பட்டாளத்துக்கு எடுக்கக் கூடாது என்று சட்டத் திருத்தம் வந்தது, அதனால் பல பண்ணைகளில் மகன் நிலத்தில் தங்கினான். பெண்களைக் கட்டாயமாக எடுக்கும் சட்டமே கிடையாது, போன ஒவ்வொருத்தியும் தானாகப் போனவள்தான்.

துப்பாக்கி பிடித்தாரா? இல்லை. இந்தப் படையின் பெண்களுக்கு ஆயுதப் பயிற்சி கிடையாது, சண்டைப் பிரிவும் கிடையாது. நர்ஸ் வேலையும் இல்லை, ராணுவ நர்ஸ்கள் வேறு படை, 1901 முதல் இருப்பது. விமானம் ஓட்டிய பெண்கள் வேறு. பண்ணை வேலைக்கு நகரத்துப் பெண்களை அனுப்பிய விமன்ஸ் லேண்ட் ஆர்மி என்று ஒன்று 1943இல் வந்தது, பெயரில் ஆர்மி இருப்பதால் நிறைய பேர் அதோடும் குழப்பிக்கொள்கிறார்கள். இவருடைய வேலை என்ன என்பதை இரண்டாவது காகிதத்தில் நீங்கள் பார்த்த 345 என்ற எண் சொல்லிவிடுகிறது. அது ராணுவத்தின் வேலைப் பிரிவு எண், இலகு ரக டிரக் ஓட்டுநர். 405 என்று இருந்தால் தட்டச்சு எழுத்தர், பெரும்பாலானவர்களுக்கு அதுபோல அலுவலக எண்தான் கிடைத்தது. பண்ணையில் கற்ற வேலையையே ராணுவம் அவரிடம் வாங்கியிருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பயிற்சி எங்கே என்று காகிதத்தில் ஃபோர்ட் டெ மாய்ன் என்று இருக்கிறதே, அது அயோவாவில் இருந்த பழைய குதிரைப்படை முகாம். 1942 ஜூலையில் முதல் அதிகாரிப் பயிற்சிக்கு 440 பெண்களை எடுத்தார்கள், குதிரை லாயங்களைக் கழுவிப் படுக்கை போட்டார்கள். இவர் போன அந்தக் குளிர்காலத்தில் பெண்களுக்கான மேல்கோட்டு வந்து சேராமல் ஆண் சிப்பாய்களின் கனத்த கோட்டைக் கொடுத்தார்கள். ஆகவே போட்டோவில் கோட்டு தொளதொளவென்று இருக்கிறது என்று நீங்கள் எழுதியது அந்த மாதங்களோடு பொருந்துகிறது. பின்னால் தேதி இருந்தால் பாருங்கள். சின்னத்தில் இருக்கும் முகம் கிரேக்கத் தெய்வம் பல்லாஸ் அதீனா, கழுத்துப்பட்டையில் குத்துவது.

போர்க்காலம் முழுக்கச் சேர்த்து சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் இந்தப் படையில் இருந்தார்கள். கடல் கடந்து போனவர்கள் சுமார் 17,000 பேர்தான். அல்ஜியர்ஸ், லண்டன், நார்மண்டி, நியூகினி, மணிலா என்று போனார்கள். நமக்குக் கிட்டத்தில் கல்கத்தாவில் அமெரிக்க விமானப்படைத் தலைமையகத்தில் 1944 முதல் இவர்கள் வேலை பார்த்தார்கள், கண்டியில் மவுண்ட்பேட்டனின் தலைமையகத்திலும் ஒரு சிறு குழு இருந்தது. உங்கள் பெரியவரின் அம்மாவின் காகிதத்தில் வெளிநாட்டுப் பணி என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை என்பதால் அவர் உள்நாட்டில்தான் இருந்திருக்கிறார். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம், இந்தப் படையின் பெண்களில் பெரும்பாலோர் உள்நாட்டில்தான் வேலை பார்த்தார்கள். கறுப்பினப் பெண்கள் சுமார் 6,500 பேர், தனி விடுதி, தனிச் சாப்பாட்டு மேசை என்று பிரித்து வைக்கப்பட்டே சேவை செய்தார்கள். அவர்களில் 855 பேர் மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில் 1945இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் போய், மாதக்கணக்கில் குவிந்து கிடந்த சிப்பாய்களின் தபாலை மூன்றே மாதத்தில் பிரித்து அனுப்பினார்கள். ஆறு மாதம் ஆகும் என்று சொல்லப்பட்ட வேலை அது.

போருக்குப் பிறகு அவர் கிராமப் பள்ளி ஆசிரியை ஆனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கான படிப்பை, போரிலிருந்து திரும்பியவர்களுக்குப் படிப்புச் செலவு கொடுத்த 1944 ஜி.ஐ. சட்டத்தின் பணத்தில் படித்திருக்க வாய்ப்பு அதிகம், அந்தச் சலுகை இவர்களுக்கும் உண்டு. இதை நான் நிச்சயமாகச் சொல்லவில்லை, கல்லூரியின் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். ஒன்று கவனியுங்கள், அந்தச் சலுகைக்கான கணக்கில் 1943 கோடைக்கு முந்தைய துணைப்படை மாதங்கள் சேராது, ஏனென்றால் சட்டப்படி அது ராணுவம் இல்லை. துணைப்படையில் மட்டும் இருந்து போனவர்களின் காலமும் ராணுவச் சேவைதான் என்று அரசு ஒப்புக்கொண்டது 1980இல். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அவர் ஏன் பேசவில்லை என்று பெரியவர் வருத்தப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அந்தத் தலைமுறையில் பேசாதவர்கள்தான் அதிகம். கிராமப் பள்ளி ஆசிரியை, சின்ன ஊர், 1943இன் பேச்சு ஞாபகம் இருக்கிற ஆட்கள் சுற்றிலும். அவமானத்தால் மறைத்தார் என்று எடுத்துக்கொள்ள ஒரு ஆதாரமும் இல்லை. காகிதம் இரண்டையும் கிழிக்காமல், அப்பாவின் பட்டாவோடு ஒரே பெட்டியில் வைத்திருக்கிறார்.

மேலே தேட நினைத்தால் சில விஷயம். அவருடைய முழு ராணுவக் கோப்பு கிடைக்கும் என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். செயின்ட் லூயிஸில் இருக்கும் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலையில் தீப்பிடித்து, 1912க்கும் 1960க்கும் இடையில் விலகிய ராணுவத்தினரின் கோப்புகளில் 80 சதவீதம் போய்விட்டது. ஆனாலும் மகன் என்ற முறையில் பெரியவர் விண்ணப்பிக்கலாம், சில நேரம் ஓரம் கருகிய தாள்கள் மிஞ்சியிருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் சேர்ந்தவர்களின் பதிவு இருக்கிறது, ஏ என்ற எழுத்தோடு தொடங்கும் அவருடைய எண்ணைப் போட்டுத் தேடினால் படிப்பு, அதற்கு முன் செய்த தொழில் எல்லாம் வரும். மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் எழுத்தர் அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பலர் பதிவு செய்து வைத்தார்கள், அங்கேயும் கேளுங்கள். நிலத்துக்கு, பட்டாவின் எண்ணைக் கொடுத்து வாஷிங்டனிலிருந்து முழுக் கோப்பை வரவழைக்கலாம், தாத்தாவின் சாட்சிப் பத்திரம் அதில்தான் இருக்கும். பழைய தாளை பிளாஸ்டிக் உறையில் ஒட்டிவிடாதீர்கள், தயவுசெய்து லேமினேட் செய்ய வேண்டாம்.

இதெல்லாம் பிறகு நிதானமாகச் செய்யலாம். இன்றைக்கு அந்த ஆகஸ்ட் 1943 காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, விடுவித்த காரணம் என்ற வரியைத் தேடுங்கள். நான் பார்த்தவற்றில் அங்கே, டபிள்யூ.ஏ.சி.யில் சேர்வதற்காக என்ற பொருளில் ஒரு வரி தட்டச்சில் இருக்கும், மை மங்கியிருக்கலாம். அதைப் பெரியவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.